கலைந்து கலைந்து கூடும் சுழல்கள்

1911ஆம் ஆண்டு ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் கார்ல் ஹீமென்ஸ் என்ற ஆராய்ச்சி மாணவரிடம் ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தவர் பாய்ம இயக்கவியலில் அன்றைக்குப் பெரிய பெயரான லூட்விக் பிராண்ட்டில். நீர் ஓடும் கால்வாயின் குறுக்கே ஓர் உருளையை நிறுத்த வேண்டும். உருளையைச் சுற்றி எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று அளக்க வேண்டும். அவ்வளவுதான். நீர் ஒரே வேகத்தில் வருகிறது, உருளை அசையாமல் நிற்கிறது, ஆகவே அளவுகளும் நிலையாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் உருளைக்குப் பின்னால் நீர் இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தது. அளவும் கூடவே ஆடியது.

உருளை சரியான வட்டமாக இருக்காது என்றார் பிராண்ட்டில். ஹீமென்ஸ் அதை மறுபடி கவனமாகக் கடைந்தார். ஆட்டம் நிற்கவில்லை. கால்வாயின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை போலிருக்கிறது என்று அடுத்த யோசனை வந்தது. கால்வாயையும் திருத்தினார். அப்போதும் ஆடியது.

அதே ஆய்வுக்கூடத்தில் ஹங்கேரிக்காரர் ஒருவர் இருந்தார், தியடோர் ஃபான் கார்மான். ஹீமென்ஸின் வேலைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. தினமும் காலையில் வரும்போது, ஓட்டம் நிலைத்துவிட்டதா என்று ஹீமென்ஸை விசாரிப்பார். இன்னும் ஆடுகிறது என்று சோகமாகப் பதில் வரும். இந்த விசாரிப்பு தொடர்ந்துகொண்டே போனதில் கார்மானுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. இத்தனை திருத்தியும் ஆடுகிறது என்றால், ஆட்டம் ஓட்டத்தின் சொந்தக் குணமாக ஏன் இருக்கக் கூடாது? ஒரு வார இறுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார்.

உருளைக்குப் பின்னால் இரண்டு வரிசைகளில் சுழல்கள் போகின்றன என்று வைத்துக்கொண்டார். இரண்டு வரிசையிலும் சுழல்கள் நேருக்கு நேர் இருந்தால் சிறு அசைவு பட்டாலும் அடுக்கு குலைந்துவிடும் என்று கணக்கு காட்டியது. ஒரு வரிசையின் சுழல், எதிர் வரிசையின் இரண்டு சுழல்களுக்கு நடுவே வரும்படி மாற்றி மாற்றி வைத்தாலும் பெரும்பாலும் குலைந்தது. ஒரே ஒரு விகிதத்தில் மட்டும் தாக்குப்பிடித்தது: வரிசைகளுக்கு இடையிலுள்ள அகலம், ஒரே வரிசையின் அடுத்தடுத்த சுழல்களுக்கு இடையிலுள்ள தூரத்தில் 0.281 மடங்காக இருக்க வேண்டும். பாவம் ஹீமென்ஸ், உருளையைக் கடைந்து கடைந்து ஒழிக்கப் பார்த்த அந்த ஆட்டத்துக்குத்தான் இன்று கார்மான் சுழல் வீதி என்று பெயர். ஹீமென்ஸின் பெயர் வேறொரு கணக்குக்கு வைக்கப்பட்டது. அது பாடநூல்களில் இருக்கிறது, ஆனால் பொதுமக்களுக்குத் தெரியாது.

கார்மானுக்கு முன்பே, 1908இல், பிரான்சில் ஆன்ரி பெனார் இந்தச் சுழல்களைப் படம் பிடித்திருந்தார். முதலில் பார்த்தவன் நான்தான் என்று அவர் உரிமை கொண்டாடியபோது கார்மான் சண்டைக்குப் போகவில்லை. பெர்லினிலும் லண்டனிலும் என் பெயரில் இருக்கும் வீதி, பாரிஸில் பெனார் பெயரில் இருந்துவிட்டுப் போகட்டும் என்று வேடிக்கையாகச் சமரசம் சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் முன்னோடி உண்டு என்று அவரே பின்னாளில் எழுதினார்: இத்தாலியின் பொலோன்யா நகரத் தேவாலயம் ஒன்றில், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்டோபரின் ஓவியம் இருக்கிறது, அவர் காலுக்குப் பின்னால் மாறி மாறிச் சுழிகள் வரையப்பட்டிருக்கின்றன. வரைந்தவர் ஆற்றங்கரையில் நெடுநேரம் நின்று பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

நாமும் பார்க்கலாம். கடையில் கிடைக்கும் ஷாம்பு அல்லது கைகழுவும் திரவங்களில் வெள்ளையாக, உள்ளுக்குள் பட்டு நெளிவதாகத் தெரியும் ரகம் ஒன்று உண்டு. புட்டியின் பின்பக்கத்தில் கிளைக்கால் டைஸ்டியரேட் என்று போட்டிருந்தால் அது நமக்கு வேண்டிய சரக்கு. அதிலுள்ள மெல்லிய தகட்டுத் துகள்கள் ஓட்டத்தின் போக்கில் திரும்பிப் படுத்துக்கொள்ளும். திரும்பிய கோணத்துக்கு ஏற்ப வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் காட்டும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டம் தெரிய ஆரம்பிப்பது இதனால்தான். திரவத்தைத் தண்ணீரில் நீர்க்கக் கரைத்து, நுரை முழுவதும் அடங்கும்வரை வைத்துவிட்டு, அகலமான கறுப்புத் தட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்ற வேண்டும். எவர்சில்வர் தாம்பாளம் உதவாது. அதன் பளபளப்பில் துகளின் மினுக்கம் காணாமல் போய்விடும். விளக்கு தலைக்கு மேல் இல்லாமல் ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள மார்க்கர் பேனாவைத் தட்டின் ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தி, நொடிக்கு இரண்டு சென்டிமீட்டர் என்ற கணக்கில் நிதானமாக இழுத்துப் போங்கள். முதல் சில சென்டிமீட்டருக்கு ஒன்றும் விசேஷமாக இருக்காது. பேனாவின் முதுகில் ஒட்டியபடி இரண்டு சிறு சுழிகள், ஒரே அளவில், எதிரெதிர்த் திசையில் சுற்றிக்கொண்டு கூடவே வரும். பிறகு ஒரு பக்கச் சுழி கொஞ்சம் பெருக்கும். பெருத்தது மையக் கோட்டைத் தாண்டி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். சட்டென்று அது கழன்று பின்தங்கிவிட, இப்போது மறுபக்கச் சுழி பெருக்கத் தொடங்கியிருக்கும். அதுவும் கழலும். இப்படியே இடம், வலம், இடம், வலம். தட்டின் மறுகோடிக்குப் போய்ப் பேனாவை எடுத்துவிட்டால், நீங்கள் வந்த பாதை முழுக்க இரண்டு வரிசைச் சுழிகள் தங்களுக்குள் இடைவெளி பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும். கைபேசியில் மெதுவோட்டப் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. கழலும் அந்தக் கணம் கண்ணுக்குப் பிடிபடாமல் போகும்.

இதே பேனாவை நொடிக்கு அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக இழுத்தால் சுழிகள் கழலாது. ஒட்டிய ஜோடி ஒட்டியபடியே வரும். தண்ணீருக்குப் பதில் தேனில் இழுத்தால் அந்த ஜோடிகூட உருவாகாது. இந்த எல்லைகளைச் சொல்வதற்கு ரெனால்ட்ஸ் எண் என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஓட்டத்தின் வேகத்தைப் பொருளின் அகலத்தால் பெருக்கி, திரவத்தின் பாகுத்தன்மையால் வகுத்தால் வருவது அது. நீருக்குத் தன் போக்கில் போகும் முனைப்பு எவ்வளவு, அதைப் பிடித்து இழுக்கும் உராய்வு எவ்வளவு என்பதற்கான விகிதம். உருளைக்கு இது 5ஐ ஒட்டி வரும்போது ஒட்டிய சுழிகள் தோன்றும். 47ஐத் தாண்டும்போது கழலத் தொடங்கும். நம் பேனாவுக்கு ஏறக்குறைய 200. குவாதலூப்பே தீவின் மலை மீது மோதி வரும் பசிபிக் காற்றில் இது கோடிகளில் போகும்; அங்கேயும் தீவுக்குப் பின்னால் மேகத்தில் இதே இரட்டை வரிசை பல நூறு கிலோமீட்டருக்கு நீளுவதைச் செயற்கைக்கோள் படங்களில் பார்க்கலாம்.

இப்போது என்னைப் பொறுத்தவரை முக்கியமான கேள்விக்கு வருகிறேன். பேனா சீராகப் போகிறது. நீர் அசையாமல் கிடக்கிறது. தாளம் போட யாருமில்லை. அப்படியிருக்க, ஒரு சுழி "போதும், நான் கழலுகிறேன்" என்று எப்படி முடிவு செய்கிறது? அடுத்ததை யார் தொடங்கி வைப்பது?

கார்மானின் கணக்கு இதற்குப் பதில் சொல்லவில்லை. கழன்ற பிறகு எந்த அடுக்கு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் அது சொன்னது. கழல்வதன் உள்விவகாரத்தை 1966இல் ஜெரார்டு என்ற ஆங்கிலேயர் தெளிவாக எடுத்துச் சொன்னார். உருளையின் இரு பக்கத்திலிருந்தும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று பிரிந்து வருகிறது. உருளையை உரசி வந்ததால் அதில் சுழற்சி ஏறியிருக்கிறது. ஒரு பக்கப் படலத்தில் வலஞ்சுழி, மறுபக்கத்தில் இடஞ்சுழி. வலஞ்சுழிப் படலம் சுருண்டு ஒரு சுழியாகிறது என்று வைத்துக்கொள்வோம். படலம் தொடர்ந்து தீனி போடுவதால் சுழி வளர்கிறது. வளர வளர, பக்கத்திலுள்ள நீரைத் தன்பால் இழுக்கும் வலிமையும் கூடுகிறது. ஒரு கட்டத்தில் எதிர்ப்பக்கத்து இடஞ்சுழிப் படலத்தையே குறுக்கே இழுத்துவிடுகிறது. இழுத்த அந்த நீர், சுழிக்கும் அதற்குத் தீனி போட்ட படலத்துக்கும் நடுவே புகுந்து, எதிர்ச் சுழற்சியால் தொடர்பை அறுத்துவிடுகிறது. தீனி நின்ற சுழி கழன்று போகிறது. குறுக்கே வந்த படலம் இப்போது தன் சுழியைக் கட்டத் தொடங்குகிறது.

சுழி வளர்வதும் அது அறுபடுவதும் ஒரே காரணத்தால். வளர்ச்சியே வெட்டுக்கத்தியை இழுத்து வருகிறது. ஓட்டம் தன்னைத் தானே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதற்கு வெளியிலிருந்து ஒரு விரல்கூட நீள வேண்டியதில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி, இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொட முடியாமல் செய்வது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் அனடோல் ரோஷ்கோ 1950களில் அதைத்தான் செய்தார். உருளையின் பின்னால், ஓட்டத்தின் திசையிலேயே, நடுக்கோட்டில் ஒரு தட்டைப் பலகையைப் பொருத்தினார். பலகை போதிய நீளம் இருந்தபோது கழலல் நின்றுபோயிற்று. உருளையின் வடிவத்தில் மாற்றமில்லை, வேகத்தில் மாற்றமில்லை. குறுக்கே இழுப்பதற்கு வழி அடைபட்டது, தாளமும் போயிற்று. பேனாவின் பின்பக்கத்தில் பழைய ஏடிஎம் அட்டை ஒன்றை டேப் போட்டு ஒட்டி, அதே தட்டில் இழுத்துப் பாருங்கள். சுழி வீதி அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

தாளத்தின் வேகத்தை முதலில் கண்டவர் செக் நாட்டு இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரௌஹால். அதுவும் கண்ணால் அல்ல, காதால். 1878இல் கம்பிகளைச் சட்டத்தில் மாட்டிக் காற்றில் சுழற்றி, அவை எழுப்பும் ஓசையைக் கேட்டார். சுருதி கம்பியின் இறுக்கத்தைப் பொறுத்ததாக இல்லை. கம்பியின் தடிமனையும் காற்றின் வேகத்தையும் மட்டுமே பொறுத்திருந்தது. வேகத்தைத் தடிமனால் வகுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் நொடிக்கு எத்தனை ஆட்டம் என்பது வந்துவிடும். ரெனால்ட்ஸ் எண் சில நூறு முதல் ஒரு லட்சம் வரைக்கும் இந்த ஐந்தில் ஒன்று பெரிதாக மாறுவதில்லை. 2 மில்லிமீட்டர் கம்பி மீது நொடிக்கு 10 மீட்டர் காற்று வீசினால் நொடிக்கு 1,000 ஆட்டம், காதுக்கு நன்றாகக் கேட்கும் சுருதி. நம் பேனாவுக்கு ஓர் ஆட்டம் முடிய இரண்டரை நொடி. இந்த நாணயம் தவறாத குணத்தை நம்பி ஒரு தொழிலே நடக்கிறது. ஆலைகளில் நீராவிக் குழாயின் நடுவே ஒரு சிறு கட்டையை நிறுத்தி, அதன் பின்னால் நொடிக்கு எத்தனை சுழல் கழல்கிறது என்று எண்ணி, அதிலிருந்து நீராவியின் வேகத்தைக் கண்டுபிடிக்கும் மீட்டர்கள் இருக்கின்றன.

இங்கே ஓர் இடைச்செருகல். 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் டகோமா தொங்குபாலம் முறுக்கிக்கொண்டு ஆடி விழுந்ததை இந்தச் சுழல் வீதியின் கைவரிசை என்று பல பாடப் புத்தகங்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கின்றன. அன்றைய காற்றுக்குச் சுழல்கள் கழன்றிருக்க வேண்டிய வேகம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை. பாலம் முறுக்கிய வேகமோ ஐந்து நொடிக்கு ஒரு தடவை. கணக்கு ஒட்டவில்லை. பாலத்தின் முறுக்கமே காற்றைத் திருப்பி, திரும்பிய காற்று முறுக்கத்தை மேலும் தூண்டிவிட்ட வேறொரு கதை அது. சுழல்களின் மேல் பழி போடுவது எழுதச் சுலபம் என்பதால் ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஓட்டம் பழைய நிலைக்குத் திரும்புவதில் இன்னொரு வகை உண்டு. பார்ப்பதற்கு மந்திரம் போலிருக்கும் அந்தச் சோதனையை 1960களில் கேம்பிரிட்ஜின் ஜி.ஐ. டெய்லர் கல்விப் படம் ஒன்றில் செய்துகாட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளைகள், இடையில் கிளிசரின். அதில் சாயத்தை ஒரு பொட்டாக விடுகிறார். உள் உருளையைச் சில சுற்று மெதுவாகச் சுற்றுகிறார். சாயம் இழுபட்டு, மெலிந்து, வளையமாகப் பரவி, கலந்துவிட்டதாகவே தோன்றும். பிறகு அதே எண்ணிக்கையில் பின்னோக்கிச் சுற்றுகிறார். பரவிய சாயம் சுருங்கிச் சுருங்கி, முதலில் விட்ட இடத்தில் ஏறக்குறைய அதே பொட்டாக வந்து நிற்கிறது. ஓரம் மட்டும் சற்று மங்கியிருக்கும்.

கிளிசரினில் ரெனால்ட்ஸ் எண் ஒன்றுக்கும் மிகக் கீழே. நீருக்குள்ள முனைப்பு அங்கே எடுபடாது. கை எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு நகரும், கை நின்றால் நிற்கும், கை திரும்பினால் திரும்பும். திரும்பி வருவது அதே துளிகள், அதே இடத்துக்கு. சுழல் வீதியில் நடப்பது இதற்கு நேர் எதிர். கழன்ற சுழி திரும்பி வரவே வராது. உருளைக்குப் பின்னால் ஒவ்வொரு முறையும் புது நீர். ஆனால் உருவம் வருகிறது. கிளிசரினில் பொருள் மீள்கிறது, அதற்கு ஒரு கை வேண்டும். ஆற்றில் வடிவம் மட்டும் மீள்கிறது, கை வேண்டாம். கலந்த சாயம் பிரிவதைக் கண்டு கூட்டம் கைதட்டுகிறது. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

பரிசோதனை செய்பவருக்கு இதில் ஒரு நடைமுறைத் தொல்லையும் உண்டு. தண்ணீர் பழையதைச் சுலபமாக மறக்காது. ஒரு முறை இழுத்த தட்டில் உடனே மறுபடி இழுத்தால் முந்தைய சுழிகளின் மிச்சம் புதியவற்றைக் குழப்பிவிடும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆஷர் ஷபிரோ 1962இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். தொட்டியில் நீர் வடியும்போது பூமியின் சுழற்சி அதைத் திருப்புகிறதா என்பது அவர் கேள்வி. ஆறடி விட்டம், ஆறு அங்குல ஆழமுள்ள வட்டத் தொட்டி. நடுவில் அரை அங்குலத்துக்கும் சிறிய துளை. வேண்டுமென்றே வலஞ்சுழியாக நீரை நிரப்பினார். ஓரிரண்டு மணி நேரம் விட்டுத் திறந்தால் நீர் வலஞ்சுழியாகவே வடிந்தது, மேலே பார்த்தால் கண்ணாடியாக நின்றிருந்தபோதும். ஒரு நாள் முழுவதும் மூடி வைத்துவிட்டுத் திறந்தபோதுதான் இடஞ்சுழியாகத் திரும்பியது. வட கோளத்துக்கு அதுவே சரியான திசை. 1965இல் சிட்னியில் வேறு ஆய்வாளர்கள் இதைச் செய்தபோது வலஞ்சுழியாக வந்தது. குளியலறைத் தொட்டியில் இதைப் பார்த்துவிட்டதாகச் சொல்பவர்கள், நிரப்பிய குழாயின் ஞாபகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

சுழல் வீதி ஒரு கம்பிக்குப் பின்னால் நடக்கும் சிறு விவகாரம். ஒரு பாத்திரம் முழுவதும் ஒரே உடலாக ஆடி, அடங்கி, மறுபடி ஆடுவதைப் பார்க்க ரேமண்ட் ஹைடு என்ற மாணவரிடம் போக வேண்டும். 1950களின் தொடக்கம், கேம்பிரிட்ஜ். பூமியின் மையக் கருவில் உருகிய இரும்பு எப்படி ஓடுகிறது, காந்தப்புலம் எப்படிப் பிறக்கிறது என்பதுதான் அவர் தேடியது. அதற்காக ஒரு மாதிரி செய்தார். சுழலும் மேசை, அதன்மேல் ஒரே மையமுள்ள இரண்டு உருளைகள், இடையில் நீர். வெளிச்சுவரைச் சூடாக்கி, உள்சுவரைக் குளிரவைத்தார்.

மேசை மெதுவாகச் சுற்றும்போது நீரும் ஒழுங்காக வட்டமிட்டது. சூடான நீர் மேலேறி உள்ளே போக, குளிர்ந்தது கீழிறங்கி வெளியே வந்தது. வேகத்தைக் கூட்டியதும் அந்த வட்டம் உடைந்தது. மேற்பரப்பில் ஒரு குறுகிய ஓடை, உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையே வளைந்து வளைந்து ஓடத் தொடங்கியது. மூன்று இதழ், வேகத்தைக் கூட்டினால் நான்கு, மேலும் கூட்டினால் ஐந்து. பூமியின் கருவைத் தேடிப் போனவருக்குக் கிடைத்தது பூமியின் வானம். உயரே வளைந்தோடும் ஜெட் காற்றின் அச்சு அசலான சித்திரம். ஏறக்குறைய அதே காலத்தில் சிகாகோவில் டேவ் ஃபுல்ட்ஸ் சாதாரணச் சமையலறைப் பாத்திரம் ஒன்றைச் சுழற்றி, விளிம்பைச் சூடாக்கி, இதே மாதிரி அலைகளைக் கண்டுகொண்டிருந்தார்.

ஹைடு கண்ட விந்தை இன்னும் ஒன்று. குறிப்பிட்ட சில வேகங்களில், இதழ்கள் நிலையாக இல்லை. மேசையின் வேகம் மாறவில்லை, இரண்டு சுவர்களின் வெப்பமும் மாறவில்லை. ஆனால் இதழ்கள் மெல்லப் பருத்து, இரண்டு சுவர்களையும் தொடுமளவு வளைந்து, பிறகு சுருங்கி, கிட்டத்தட்ட வட்டமாகவே அடங்கின. சிறிது நேரம் கழித்து மறுபடி வளையத் தொடங்கின. மேசை பல சுற்று சுற்றி முடிப்பதற்குள் ஒரு தடவை என்ற கணக்கில், சொல்லி வைத்த மாதிரி, இது நடந்துகொண்டே இருந்தது.

காரணத்தின் அச்சு நமக்கு ஏற்கெனவே பழக்கமானதுதான். இதழ்களுக்குத் தீனி, சூடான வெளிநீருக்கும் குளிர்ந்த உள்நீருக்கும் உள்ள வேறுபாடு. இதழ் பெருத்து வளைந்தால் என்ன ஆகும்? சூட்டை உள்ளேயும் குளிரை வெளியேயும் மும்முரமாகச் சுமந்து போகும். சுமக்கச் சுமக்க வேறுபாடு குறையும். பொங்கி வழிந்த பாலே அடுப்பை அணைத்துவிடுகிற கதை. தீனி குறைந்த இதழ் ஒடுங்குகிறது. சுவர்களோ விடாமல் சூடாக்கியும் குளிர்வித்தும் வேறுபாட்டை மறுபடி கட்டி எழுப்புகின்றன. போதிய அளவு ஏறியதும் இதழ் மீண்டும் விரிகிறது.

எட்வர்ட் லோரென்ஸ் 1963இல் இந்த ஆட்டத்தின் இயக்கத்தை ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். அதே ஆண்டு அதே வளிமண்டல அறிவியல் இதழில்தான், பின்னாளில் கேயாஸ் என்று உலகமே பேசப்போகும் விஷயத்தைத் தொடங்கிவைத்த அவருடைய மற்றொரு கட்டுரையும் வந்தது. இரண்டும் ஒரே மேசையில் எழுதப்பட்டதில் ஆச்சரியமில்லை. ஹைடின் மேசையில் வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினால் இந்தச் சீரான விரிவும் ஒடுக்கமும் கெட்டுப்போய், எப்போது எந்த இதழ் பெருக்கும் என்று சொல்ல முடியாத நிலை வருகிறது. சரியான கடிகாரத்துக்கும் கணிக்கவே முடியாத வானிலைக்கும் இடையிலுள்ள தூரம், ஒரு திருகைக் கொஞ்சம் திருப்புவதுதான்.

அந்தத் தூரத்தில் என்னென்ன நடக்கும் என்பதற்கு அண்மைக் காலச் சோதனை ஒன்று. உருளைப் பாத்திரத்தின் சுவர் அசையாது. அடித்தட்டு மட்டும் வேகமாகச் சுழல்கிறது. நடுவில் நீர் குழிந்து, தட்டு வெளியே தெரியும். அந்தக் குழியின் விளிம்பு வட்டமாகத்தானே இருக்க வேண்டும்? டென்மார்க்கில் தோமாஸ் போரும் கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட படங்களில் அது முக்கோணம், சதுரம், ஐங்கோணம், அறுகோணம் என்று மூலை வைத்துக்கொண்டு சுழல்கிறது, தட்டைவிட மெதுவாக. கனடாவில் ஜார்ஜியோஸ் வடிஸ்டாஸ் இதை 1990இலேயே கவனித்து எழுதியிருந்தார். அதே 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சொன்னதுதான் நம் அத்தியாயத்துக்கு வேண்டிய செய்தி. சில வேகங்களில் நீரின் மேற்பரப்பு வட்ட வடிவத்திலிருந்து கோணலான வடிவத்துக்குத் தாவுகிறது, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வட்டத்துக்கே திரும்புகிறது, மறுபடி தாவுகிறது. எப்போது தாவும் என்பதில் ஒழுங்கே கிடையாது.

ஹைடின் இதழ்கள் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டன, இவை கட்டுப்படவில்லை. திரும்புவது மட்டும் நிச்சயம், நேரம் நிச்சயமில்லை.

அதே சாதியில் சேர்ந்தது, அடியில் சூடும் மேலே குளிரும் கொடுத்த மூடிய பாத்திரத்தில் எழும் 'காற்று'. உள்ளே கொந்தளிப்பு கண்டபடி குழம்பினாலும், பாத்திரம் முழுவதையும் தழுவி ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் ஒரே பெரிய சுழற்சி உண்டாகிவிடும். நீமெலா, ஸ்க்ர்பெக், ஸ்ரீனிவாசன், டான்லி நால்வரும் மிகக் குளிர்ந்த ஹீலியம் வாயுவை 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாத்திரத்தில் அடைத்து, அந்தக் காற்றை நெடுநேரம் கவனித்து 2001இல் எழுதினார்கள். ஏறிக்கொண்டிருந்த பக்கம் திடீரென்று இறங்கத் தொடங்குகிறது. அடிச்சூட்டில் எந்த மாற்றமும் இல்லாமலே சுழற்சி திசை மாறிவிடுகிறது. சில சமயம் சீக்கிரம், சில சமயம் வெகுநேரம் கழித்து.

பூமியின் காந்தப்புலமும் இப்படித் திசை மாறுவது உண்டு. கடைசியாக மாறியது ஏறக்குறைய 7,80,000 ஆண்டுகளுக்கு முன். ஹைடு தேடிப்போய்க் கிடைக்காத அந்தக் கருவை நெருங்கிய சோதனை தென் பிரான்சின் கடராஷ் ஆய்வு மையத்தில் நடந்தது. உருளைக் கலத்தில் உருக்கிய சோடியம், அதில் எதிரெதிரே சுழலும் இரண்டு இரும்பு விசிறிகள். போதிய வேகம் வந்ததும் உலோகத்தின் ஓட்டமே ஒரு காந்தப்புலத்தை எழுப்பி நிலைநிறுத்திக்கொண்டது. இரண்டு விசிறிகளும் ஒரே வேகத்தில் சுழன்றவரை அந்தப் புலம் திசை மாறாமல் நின்றது. ஒன்றைவிட மற்றொன்றைக் கூடுதல் வேகத்தில் ஓட்டியபோது, வேக வேறுபாட்டின் சில அளவுகளில், புலம் தானாகச் சரிந்து எதிர்த்திசையில் எழுந்தது; சற்று நேரத்தில் மறுபடி பழைய திசைக்கு வந்தது. 2007இல் வெளியான அந்த வரைபடத்தில் கோடு மேலே கொஞ்ச தூரம் ஓடுகிறது, செங்குத்தாகக் கீழே விழுகிறது, அங்கே கொஞ்ச தூரம் ஓடுகிறது, மறுபடி ஏறுகிறது. எந்த இரண்டு தங்கலும் ஒரே நீளத்தில் இல்லை.